ஆவுடை விழுங்கினாள், ஊர் தூங்கியது

ஒரு ஊர், ஊரென்றால் ஒரே ஒரு ஊர், உம் கொட்ட ஆளிருந்தால் சொல்கிறேன், இல்லாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்: மேற்கே பொத்தை என்கிற கல்குன்று, கிழக்கே குளம், நடுவே பஸ் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பஸ் ஸ்டாண்டு, அதற்கு எதிரே ஒரு அழகு நிலையம், அழகு நிலையத்துக்குள்ளே வாயில் நூலைக் கடித்துக்கொண்டு ஆவுடை. ஊர்ப் பேர் ஆலம்பொத்தை. நூலின் ஒரு முனையைப் பல்லில் பிடித்து, மற்றதை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, ஆவுடை புருவத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் போலீஸ்காரர் பெண்டாட்டியின் முகத்தில்கூட ஒரு கருணை வந்து உட்கார்ந்துவிடும் என்று ஊரில் பேச்சு.

ஆவுடைக்கு இருந்த ஒரே தொந்தரவு, அவளோடு சீலிங் ஃபேன் பேசும். முதலில் வம்புதான் பேசியது. யார் வீட்டு மீன் குழம்பில் மீன் இல்லை, எந்த வாத்தியார் தலைக்கு மை அடிக்கிறார், இப்படி. ரேடியோ மாதிரி கேட்டுக்கொண்டே அவளும் வேலை பார்ப்பாள். அப்புறம் ஒரு ஐப்பசியில் அது வம்பை விட்டுவிட்டு, குளத்துக்கு அடியில் உனக்கு ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறேன், பால் காய்ச்ச வா என்று கூப்பிட ஆரம்பித்தது. ஆவுடையும் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை போய்விட்டாள். எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் கையைப் பிடித்துக் கரையேற்றினார்கள்.

அண்ணன் உச்சிமாகாளி, சாமி படங்களுக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிற கடைக்காரன், அவளை டவுனில் மனநல டாக்டர் நெல்சனிடம் கூட்டிப் போனான். டாக்டர் காலைக்கு ஒரு வெள்ளை மாத்திரையும் ராத்திரிக்கு ஒரு மஞ்சள் மாத்திரையும் எழுதினார். மஞ்சள் நல்ல மாத்திரை. அதைப் போட்ட கொஞ்ச நாளில் ஃபேனுக்குத் தொண்டை கட்டி, பிறகு அது வெறும் காற்று மட்டும் போட்டது. வெள்ளைதான் வினை. பகலெல்லாம் தூக்கம் சொக்கியது, கை நடுங்கியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, மாதாமாதம் வர வேண்டியது வராமல் நின்றது, ஒரு கல்யாணப் பெண்ணின் இடது புருவம் பாதி காணாமல் போனது. பெண் வீட்டார் தாலி ஏறும்வரை அவளை ஒரு பக்கமாகவே திருப்பி உட்காரவைத்திருந்தார்கள்.

"மஞ்ச போதும் சார், வெள்ள வேண்டாம்" என்றாள் ஆவுடை.

டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் வெளியே வரிசை கரும்பு ஜூஸ் கடையையும் தாண்டி நின்றது. அவர் ஆவுடையை விட்டுவிட்டு உச்சிமாகாளியைப் பார்த்துச் சொன்னார்: "இது அவங்க பேசல. நோய் பேசுது."

அதோடு அவள் பேச்சு செத்தது. "குழம்புல உப்பு கம்மி மைனி" என்றால், அண்ணன் பெண்டாட்டி சண்முகக்கனி புருஷனைப் பார்த்து, "நோய் பேசுது" என்பாள். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாலும் நோய்தான். ஒரு கல்யாண வீட்டில், "அண்ணே, பின்னால உன் வேட்டி அவுந்திருக்கு" என்றாள். நோய்தானே என்று உச்சிமாகாளி பந்தி முடியும்வரை அப்படியே ஊருக்குச் சாம்பார் ஊற்றினான்.

மஞ்சளை அவளே ஒழுங்காகப் போட்டுக்கொள்வாள். வெள்ளையைத் துப்புவாள். அவள் துப்பத் துப்ப அந்த வீட்டில் சமையல் வளர்ந்தது. சட்னியில் மாத்திரை, சுண்டலில் மாத்திரை, பழத்தைக் கீறி உள்ளே மாத்திரை, கசப்பு தெரியாமலிருக்க வாரத்தில் பாதி நாள் பாகற்காய். ஆவுடைக்குத் தெரியும், எல்லா நாளும் தெரியும், பசிக்கு வேறு எங்கே போவது என்று தின்றாள்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது. சண்முகக்கனி வெள்ளை மாத்திரையைப் பொடித்து இட்லிப்பொடியில் கலந்து, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, நாத்தனாருக்கு வைத்தாள். ஆவுடை சாப்பிட்டுக் கை கழுவினாள். சண்முகக்கனி தேங்காய் துருவ உட்கார்ந்தவள் துருவுபலகையிலேயே உறங்கிப்போனாள், கையில் பாதி தேங்காயோடு, வாயில் ஈ போய் வர. ஆவுடை எழுப்பிப் பார்த்தாள், எழும்பவில்லை, கேஸை அணைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு அவள் கை நடுங்காமல் கல்லு மாதிரி நின்றது.

மறுநாள் உச்சிமாகாளி, சமையலை நம்பிப் பயனில்லை என்று, தங்கச்சியின் தாடையை அமுக்கி மாத்திரையைத் தானே போட்டான். போட்டுவிட்டுக் கடைக்குப் போனவன் கை நடுங்கி, மூன்று முருகன்களைச் சாய்வாக வெட்டினான். அடுத்த தெரு ஆள் இறந்துபோன அப்பாவின் படத்தை வாங்கிப் பார்த்து, "எங்கப்பா குடிக்கவே மாட்டாரே, ஏன் இப்படிச் சாஞ்சு நிக்காரு?" என்று கேட்டான்.

ஒரு வாரத்தில் ஊருக்கே விளங்கிவிட்டது: ஆவுடைக்கு யார் கட்டாயப்படுத்தி மருந்து கொடுத்தாலும் அது கொடுத்தவர் உடம்பில் வேலை செய்கிறது. யாரும் ஆச்சரியப்படவில்லை. கோயில் பூசாரி இது அம்மன் குணம் என்றார். ஹெட்மாஸ்டர் இதற்கு விஞ்ஞானத்தில் இடம் இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது தேடிப் பார்க்க வேண்டும் என்றார். டீக்கடையில் புதுத் தண்ணித்தொட்டியைச் சந்தேகப்பட்டார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லாவற்றுக்கும் புதுத் தண்ணித்தொட்டியைத்தான் சந்தேகப்பட்டார்கள். உச்சிமாகாளி டாக்டருக்கு போன் போட்டு, மருந்து அவளிடம் வேலை செய்யவில்லை என்றான். டாக்டர், "அப்ப டோஸைக் கூட்டுங்க" என்றார்.

கூட்டினார்கள். உச்சிமாகாளிக்கு அகோரப் பசி எடுத்து, சோற்றுப் பானையைச் சுரண்டிச் சுரண்டி, லுங்கியின் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்காத அளவுக்குப் பெருத்தான். சண்முகக்கனிக்கு மாதம் தள்ளிப்போனது, அடுத்த மாதமும் தள்ளிப்போனது. பேரன் எடுக்கிற வயசு. உச்சிமாகாளி முதலில் வெட்கப்பட்டான், பிறகு மீசையைத் தடவினான், பிறகு தெரு முழுக்க லட்டு கொடுத்தான். ஸ்கேன் எடுத்த பெண், "வயித்துல கேஸ் மட்டுந்தான் இருக்கு" என்று சொன்னபோது அவன் கையில் மிச்ச லட்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அவன் தங்கச்சியின் எதிரே வந்து உட்கார்ந்தான். தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டியது.

"ஏட்டி ஆவுடை, உனக்கு இப்படியா இருந்துச்சு?"

"ஆமா."

"இந்த நடுக்கம், நாக்கு ஒட்டுதது, எல்லாம்?"

"எல்லாந்தான்."

"சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன் அண்ணே. ஒவ்வொரு நாளும் சொன்னேன். நீங்க நோய் பேசுதுன்னு சொன்னிய."

உள்ளேயிருந்து சண்முகக்கனி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. எல்லாம் புரிந்துவிட்டது உச்சிமாகாளிக்கு. எல்லாம் புரிந்துபோன மனுஷன் அடுத்து என்ன செய்வான்? ஆட்டோ பிடித்தான். ஆவுடையை உள்ளே தள்ளி, டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய், "பெட்ல சேத்துக்கிடுங்க சார், அவளுக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் தாங்க முடியல" என்றான்.

சேர்த்துக்கொண்டார்கள். ஆவுடை ஊசி வேண்டாம் என்றாள். நான்கு ஆண்கள் கையையும் காலையும் பிடித்தார்கள், நர்ஸ் ஊசியை ஏற்றினாள், டாக்டர் நெல்சன் "ம், போடுங்க" என்றார், வாட்ச்மேன் வெளிக்கதவைப் பூட்டினான். நர்ஸ் ஊசியை எடுத்துப் பஞ்சை வைப்பதற்குள், பிடித்தவர்கள் பிடித்த இடத்திலேயே சரிந்தார்கள். நர்ஸ் டிராலி மேல் சாய்ந்தாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியபடி, தன் மார்பையே கேட்டுக்கொண்டு உறங்கினார். வாட்ச்மேன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றும் தப்பவில்லை. வார்டிலிருந்த நோயாளிகள் எல்லாரும் கட்டிலிலிருந்து இறங்கி வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் ஒரு அம்மா, "பாவம், யாரு இவங்களைக் கேக்காம ஊசி போட்டது?" என்றாள்.

ஆவுடை டாக்டர் தலைக்கு ஒரு தலையணை வைத்தாள். நர்ஸ் அறையில் பால் இருந்தது, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அப்புறம் கம்பி வழியாகக் கையை விட்டு, வாட்ச்மேன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, வெளியே வந்து திரும்பப் பூட்டாமல், பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள்.

இந்தச் செய்தி பரவின பிறகுதான் கதை கெட்டது. ஆலம்பொத்தையில் தூக்கம் வராதவர்கள் ஏராளம். முதலில் வந்தவர் திருமலையப்பன், ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். வேலையில் இருந்தபோது மேஜை மேலேயே நன்றாகத் தூங்கினவர், ஓய்வு பெற்ற நாளிலிருந்து கண்ணை மூடவில்லை. உச்சிமாகாளியிடம் ஒரு மாத்திரை வாங்கி, ஆவுடை வாயைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர், மறுநாள் மத்தியானம்வரை தூங்கி எழுந்து, தெருவில் பார்த்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு சாயங்காலமானால் வீட்டு வாசலில் வரிசை. துபாய்க்குப் புருஷன் போன பெண்கள், துபாயிலிருந்து புருஷன் திரும்பி வந்துவிட்ட பெண்கள், இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணிக்குடம். வெள்ளையைவிட மஞ்சளில் தூக்கம் ஆழம் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, உச்சிமாகாளி அவளுடைய மஞ்சளையும் கடைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

கட்டாயப்படுத்துவதிலும் ஒரு நாகரிகம் வந்தது. "கொஞ்சம் வாயை இறுக்கி மூடிக்கோ தாயி, நான் திறக்கணும்லா" என்பார்கள். "தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டு பிள்ள, அப்பத்தான் எனக்கு வெரசலாத் தூக்கம் வருது." பால்காரி வெள்ளையம்மா மட்டும் கூச்சப்பட்டு, "ஆவுடை, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுத் தொலைத்தாள், அவள் முகத்துக்காக ஆவுடை சரி என்றாள், அன்று ராத்திரி வெள்ளையம்மா கொட்டக் கொட்ட விழித்திருந்தாள், ஆவுடை தூங்கினாள். அதிலிருந்து யாரும் கேட்கக் கூடாது என்று வரிசையில் கட்டுப்பாடு போட்டார்கள்.

ஆவுடைக்கும் முதலில் பிடிக்கத்தான் செய்தது. இத்தனை வருஷம் கேட்க நாதியில்லாமல் கிடந்த அவளுடைய 'வேண்டாம்', இப்போது ஊரே காத்திருந்து வாங்கிப் போகிற சரக்கு. அவள் அதைப் பாட்டாகச் சொன்னாள், வசவாகச் சொன்னாள், ஒருநாள் கும்மி தட்டிச் சொன்னாள். கோயில் கொடைத் திருவிழாவில் அவளுக்கு முதல் தீபாராதனை காட்டினார்கள். ஆனால் மஞ்சள் அவள் உடம்பில் தங்கவில்லையே. புரட்டாசி முடியுமுன் அழகு நிலைய ஃபேன் மெல்லத் தொண்டையைச் செருமியது. வம்பெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, எப்ப வாறே என்றது.

அன்று சாயங்காலம் அவள் அண்ணனிடம், "மஞ்சளைக் குடு, நான் போட்டுக்கிடுதேன்" என்றாள்.

வரிசை கலவரப்பட்டது. "நீயே போட்டுக்கிட்டா எங்களுக்கு என்ன பிரயோசனம்?" என்றார் திருமலையப்பன். "முந்தாநாளே நெனச்சேன். வாயி மூடித்தான் இருந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள இவளுக்கு ஆசை. ரெண்டு மணிக்கே முழிச்சிட்டேன்."

"மாமா, ஃபேன் கூப்பிடுது."

"அது நீ பேசல பிள்ள" என்றார் அவர், அன்பாகவே. "நோய் பேசுது."

அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கூடிப் பேசி, மஞ்சள் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டதால் இனி அது செல்லாது, வெள்ளை மட்டும் போடுவோம் என்று முடிவு செய்தார்கள். உச்சிமாகாளி தலையாட்டினான். ஆவுடை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். வேண்டாம் என்றபோது அவள் வாயைத் திறந்தவர்கள், வேண்டும் என்றபோது பெட்டியைப் பூட்டுகிறார்கள். கை மட்டும் மாறவில்லை.

மறுநாள் காலையில் ஃபேன் இல்லாத இடமாகப் பார்த்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டவுனுக்குத் தனியாகப் போனாள். டாக்டர் நெல்சன் அவளைக் கண்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மேஜை மேலிருந்த மாத்திரை அட்டையைக் கையால் தொடாமல் பேனாவால் ஓரத்துக்குத் தள்ளினார்.

"கூட யாரு?"

"யாரும் இல்ல. நான்தான் நோயாளி, நான்தான் வந்தேன்."

அவர் வெளியே வரிசையைப் பார்த்தார், கரும்பு ஜூஸ் கடையைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்விக்கு ஆவுடை தயாராக வரவில்லை. முந்தானையை முறுக்கிவிட்டு, ஃபேன் சொன்னதையெல்லாம் சொன்னாள், குளத்தையும் சுண்ணாம்பையும் மறைக்காமல். அதற்குப் பிறகு இருவரும் மீன் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி பேசினார்கள். மஞ்சளைக் கூட்டணும் என்றார் அவர். கொஞ்சம் கூட்டுங்க, காலையில் எழும்பி வேலைக்குப் போகணும் என்றாள் அவள். வெள்ளையைப் பாதியாக்குவோம் என்றார். பாதிப் புருவம் போகுமா சார் என்றாள். வெள்ளையை விட்டால் வருகிற ஆபத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை என்றார். சொல்லுங்க, கேக்கேன் என்றாள். அவர் சொன்னார், அவள் புரியாததைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள், கேட்டுவிட்டு வேண்டாம் என்றாள். அவர் பெருமூச்சு விட்டார், அது சம்மதம் மாதிரியும் இருந்தது, சம்மதம் இல்லாத மாதிரியும் இருந்தது.

"சரி, மறுபடி குளத்துக்குக் கிளம்பிட்டீங்கன்னா?"

"எனக்கு நிதானம் தப்பிப் போச்சுன்னா மைனி கூட்டிட்டு வரட்டும். அண்ணன் வேண்டாம், அவன் வழியெல்லாம் அழுவான், டிரைவருக்குத் தொந்தரவு. அப்ப ஊசி போடணும்னா போடுங்க, இப்பமே சொல்லிட்டேன். நாலு பேரு பிடிக்காண்டாம். ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டாப் போதும்."

"அப்ப..." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நான் தூங்கிருவேனா?"

"தூங்க மாட்டிய சார். நான்தான போடச் சொன்னேன்."

சாயங்காலம் அவள் ஊருக்குத் திரும்பியபோது வரிசை தயாராக நின்றது. ஆவுடை பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து எல்லாரும் பார்க்க ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள்.

"இன்னைக்கு இது எனக்கு" என்றாள். "நானாப் போடுதேன்."

ஒரே கூச்சல். வேண்டாம்னு சொல்லு பிள்ள, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று கெஞ்சினார்கள். ஒருத்தி அழுதாள். திருமலையப்பன் பெஞ்சு மேல் ஏறி, "வேண்டாம்னு சொல்றது உன் உரிமை தாயி! அதை இப்படி விட்டுக் குடுக்கலாமா? உரிமைக்கு ஆபத்து வந்தா நாங்க சும்மா இருப்போமா?" என்று முழங்க, இரண்டு பேர் அந்த உரிமையைக் காப்பாற்ற அவள் கையை முறுக்கி மாத்திரையைப் பிடுங்க வந்தார்கள்.

உச்சிமாகாளி நடுவில் நின்றான். ஒரு பக்கம் ஊர், தினமும் அவனை 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று கூப்பிடுகிற ஊர். இன்னொரு பக்கம் தங்கச்சி, அவனிடம் ஒன்றும் கேட்காமல் நின்றாள். அவன் கை இன்னும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. அந்தக் கையாலேயே வந்தவர்களில் ஒருத்தன் சட்டையைப் பிடித்து, "ஏல, தள்ளுல" என்றான். மற்றவனைத் துடைப்பத்தோடு சண்முகக்கனி பார்த்துக்கொண்டாள்.

"தண்ணி எடுத்துத் தரட்டா ஆவுடை?" என்றாள் சண்முகக்கனி.

"நான் எடுத்துக்கிடுதேன் மைனி."

குடத்தில் மொண்டு, மாத்திரையை நாக்கில் வைத்து, அண்ணாந்து விழுங்கினாள். வரிசை முழுக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தது. யாருக்கும் கண் செருகவில்லை. ஆவுடை மட்டும் ஒரு கொட்டாவி விட்டாள், வாயை மறைக்காமல், தாராளமாக. அதைப் பார்த்ததும் கூட்டம் முனகிக்கொண்டே கலைய ஆரம்பித்தது. நன்றி கெட்டவள் என்றும், பழையபடி மோட்டைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான் என்றும், எல்லாம் அந்தத் தண்ணித்தொட்டி கட்டினதிலிருந்து என்றும் சொல்லிக்கொண்டு போனார்கள். உச்சிமாகாளியும் சண்முகக்கனியும் உள்ளே போய்விட்டார்கள்.

திருமலையப்பன் மட்டும் பெஞ்சை விட்டு எழும்பவில்லை.

"மாமா, வீட்டுக்குப் போகலையா?"

"போயி?"

"டாக்டரப் பாருங்க. நல்லவருதான். தூக்கத்துக்கு மாத்திரை தருவாரு."

"மாத்திரையா?" அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போஸ்ட்மாஸ்டர் குரலை விட்டுவிட்டு வேறொரு குரலில் சொன்னார்: "எனக்கு அதுன்னா பயம் பிள்ள. இந்த வயசு வரைக்கும் ஒண்ணு விழுங்கினது கிடையாது. தொண்டையிலேயே நின்னுரும்னு தோணும்."

ஆவுடை அவரையே பார்த்தாள். எத்தனை சாயங்காலம் அவர் விரல் அவள் தொண்டைவரை வந்து போயிருக்கிறது.

"அப்ப வேண்டாம்னு சொல்லிருங்க."

"சொன்னா கேப்பாவளா?"

அவளுக்குத் தூக்கம் சொக்கிக்கொண்டு வந்தது. நிலைப்படியில் சாய்ந்தாள். திருமலையப்பன் கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு எழுந்து, தொண்டையைத் தடவி, இரண்டு தரம் வெறும் எச்சிலை விழுங்கிப் பார்த்துக்கொண்டு, தெருவோடு நடந்து போனார்.